எண்ணெய் வாங்கும்போது லிட்டரா, வீசையா?

ரங்கூனில் சமையல் எண்ணெய்க்கு இரண்டு கணக்கு ஓடுகிறது. மில்லிலும் மொத்தக் கடையிலும் வீசை என்ற எடைக் கணக்கு, பாட்டிலில் லிட்டர். எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால், கோயில் அன்னதானத்துக்கும் கல்யாணத்துக்கும் எண்ணெய் எடுப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. பலர் வீசைக்கு 1.63 லிட்டர் என்று போட்டுவிடுகிறார்கள். அது தண்ணீருக்குத்தான் சரி.

பர்மா வீசை 1.633 கிலோ. (தமிழ்நாட்டுப் பழைய வீசை ஏறக்குறைய 1.4 கிலோதான், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) லிட்டரை அடர்த்தியால் (ஒரு லிட்டர் எத்தனை கிலோ என்பது) பெருக்கினால் கிலோ வரும், கிலோவை அடர்த்தியால் வகுத்தால் லிட்டர். கடலை எண்ணெயின் அடர்த்தி 20 டிகிரியில் 0.912 முதல் 0.920 வரை. 0.915 என்று வைத்துப் பாருங்கள்.

பத்து வீசை என்றால் 16.33 கிலோ. அதை 0.915ஆல் வகுத்தால் 17.85 லிட்டர். கடைக்காரர் 16.33 லிட்டர் அளந்து ஊற்றினால் உங்களுக்குக் கிடைப்பது 14.94 கிலோ, அதாவது 9.15 வீசை. கிட்டத்தட்ட ஒரு வீசைக்கான காசு வீண். பல நேரம் கடைக்காரருக்கே இது தெரிவதில்லை. அதனால் சண்டைக்குப் போகாமல் தராசில் வைக்கச் சொல்லுங்கள். தேனுக்கு நேர்மாறு: ஒரு லிட்டரே 1.4 கிலோ வரும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். காலி பாட்டிலை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்தில் பேனாவால் கோடு போட்டு, அதுவரை தண்ணீர் ஊற்றி நிறுங்கள். பிறகு ஈரம் சுத்தமாகக் காய்ந்ததும் அதே கோடுவரை எண்ணெய். பாட்டில் எடையைக் கழித்து, எண்ணெய் எடையைத் தண்ணீர் எடையால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். எண்ணெய் நுரை அடங்கும்வரை பொறுங்கள், இல்லையென்றால் கணக்கு குறைத்துக் காட்டும்.

சித்திரை வெயிலில் எண்ணெய் விரியும். 35 டிகிரியில் அடர்த்தி 0.905 அளவுக்கு இறங்கும். அதே பத்து வீசை 18 லிட்டரைத் தாண்டும். எடை மட்டும் மாறாது. ஆகவே மொத்தமாக எடுப்பவர்கள் எடையில் வாங்குங்கள், பில்லில் வீசை என்றே எழுதச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கை வைத்துக் கலப்படம் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள். பாமாயிலின் அடர்த்தியும் கடலை எண்ணெயை ஒட்டியே இருப்பதால், கலந்து விற்றாலும் தராசு காட்டாது. அதற்குக் கொழுப்பமிலங்களைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடச் சோதனைதான் வேண்டும்.