ஷெட்டில் நின்ற பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சாவி போடும் முன்

பல வருடம் ஷெட்டில் நின்ற காரை எடுக்க நினைப்பவர்கள் முதலில் புது பேட்டரி வாங்கி மாட்டுகிறார்கள். அடுத்து ஒரு கேன் பெட்ரோல். அடுத்து சாவி. நின்ற காலத்தில் கெட்டதைவிட, இந்தச் சாவியைத் திருப்பிய பத்து நிமிடத்தில் கெட்டதற்குத்தான் உரிமையாளர்கள் அதிகம் செலவழிக்கிறார்கள். பழைய வண்டி வேலையே தொழிலாக இருக்கும் என் கண் முன்னால் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

இப்போது எங்கள் சென்னைப் பட்டறையில் நிற்கும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயரை வைத்தே சொல்கிறேன். 1968-ம் வருட மார்க் 3. 1296 சிசி, இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர். ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரானது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னால் சாயும், முன் டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்க்கலாம். வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரான நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இது நெருங்கிய சொந்தம். சேஸிஸும் முன் சஸ்பென்ஷனும் ஹெரால்டு வழி வந்தவை.

அப்பா ஓட்டிய வண்டி. மகன் கொண்டுவந்து இறக்கியதும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடலாமா?" வேண்டாம் தம்பி என்றேன். அவர் முகம் வாடியது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காரணம் உண்டு.

எஞ்சின் நிற்க நிற்க, சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய் வடிந்து கீழே சம்ப்புக்கு, அதாவது எஞ்சினின் அடித்தொட்டிக்கு, இறங்கிவிடும். நாலு சிலிண்டரில் ஏதாவது ஒன்றின் வால்வு திறந்த நிலையிலேயே நின்றிருக்கும், அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போகும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் துருவில் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். கடற்காற்று வீசும் ஊரில் இதற்கு அதிக நாள் ஆகாது. அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போட்டு வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும். நாங்கள் நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) விட்டுச் சில நாள் ஊறவிடுவோம். பிறகு முன்னால், பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புவோம். அசையவில்லையா, இன்னும் ஊறட்டும். ஸ்பானரில் நீளமான பைப்பை மாட்டி நெம்பவே கூடாது. கையில் சுலபமாகச் சுற்றிய பிறகுதான் புது ஆயில், புது ஃபில்டர். அதன் பிறகும் பிளக் வெளியேதான் இருக்கும். காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். ஆயில் 20டபிள்யூ-50, அதுவும் துத்தநாகச் சேர்மானம் போதுமான அளவு உள்ளதாக. புதுக் கார்களுக்கான பல ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். வால்வுகளை இயக்கும் பழைய டேப்பட்டும் கேம்மும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

ஸ்டார்ட் செய்யும்போது கிளட்ச்சை மிதிப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். இந்தச் சின்ன டிரையம்ப் எஞ்சினில், முதல் ஸ்டார்ட்டில், மிதிக்காதீர்கள். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள். கிளட்ச் மிதிக்கும்போது கிராங்க்கை முன்னால் தள்ளும் விசையை, கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் பிறைவடிவ த்ரஸ்ட் வாஷர்கள்தான் தாங்குகின்றன. எண்ணெய் எட்டாத நேரத்தில் அவை தேயும். ஏற்கனவே தேய்ந்திருந்தால் நழுவிச் சம்ப்புக்குள் விழும், பிறகு கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அரைக்கும். பார்ப்பது சுலபம்: ஒருவர் கிளட்ச்சை மிதித்து மிதித்து விட, இன்னொருவர் கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி முன்னும் பின்னும் போவது கண்ணுக்கே தெரிந்தால் சம்ப்பைக் கழற்றுங்கள். எஞ்சினை வெளியே இறக்காமலே கீழிருந்து வாஷரை மாற்றிவிடலாம். சின்னச் செலவில் பிளாக் தப்பிக்கும்.

பெட்ரோல் விஷயம் முன்னைவிட இப்போது சிக்கல். இன்று பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிற்கும் வண்டியில் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து, டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். அந்தக் காலத்து ரப்பர் ஓஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எதுவும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஸ்பிட்ஃபயரில் டேங்க் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஒரு ஓஸ் வெடித்தாலும் ஆவி ஓட்டுபவரைச் சுற்றித்தான் நிற்கும். அதனால் ஓஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். விரிசல் தெரிகிறதா என்று பார்த்து மாற்றும் சாமான் இல்லை அது.

ஓட்டை டேங்க்கை வெல்டிங் செய்யக் கொடுப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பெட்ரோல் நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. உள்ளே ஒட்டியிருக்கும் மிச்சப் பெட்ரோலின் ஆவி காற்றோடு கலந்து நிற்கும், ஒரு பொறி போதும் வெடிக்க. "கழுவியாச்சு, வாசனையே இல்லை" என்ற பேச்சை நம்பி எந்தப் பையனையும் அதன் பக்கத்தில் வெல்டிங் கம்பியோடு உட்கார வைக்காதீர்கள். டேங்க்கை நீராவியில் முறையாகச் சுத்தம் செய்யத் தெரிந்த இடத்தில் கொடுங்கள், இல்லையென்றால் புது டேங்க் போடுங்கள்.

வயரிங்கை எலி விட்டுவைத்திருக்காது. இந்த ரக பிரிட்டிஷ் வண்டியில் ஃபியூஸ் மிகக் குறைவு, பேட்டரியிலிருந்து வரும் முக்கியமான பழுப்பு வயருக்கு ஃபியூஸே கிடையாது. பேட்டரியை நேரடியாக இணைக்காமல், நடுவில் ஒரு ஹெட்லைட் பல்ப்பை மாட்டிப் பாருங்கள். ஸ்விட்ச் எல்லாம் ஆஃப் ஆக இருந்தும் பல்ப் பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. வயர் எரிய வேண்டியது பல்ப்போடு போகும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அதே ஆயிலுக்கு வரம்பு 155 டிகிரிதான். அந்த ஈரமே வீல் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர், ரப்பர் ஓஸ் எல்லாமே புதிதாகப் போக வேண்டும். பல ஸ்பிட்ஃபயர்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன், ஒரு இடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும். டிரம்மைக் கழற்றும்போது இன்னொரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதுவது நம் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல பத்து வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டிப் போடுங்கள். மாஸ்க் போடாத உதவியாளரை அந்த வேலைக்கு விடாதீர்கள்.

இந்த வண்டியில் நான் அதிகம் கவலைப்படுவது முன் சக்கரத்தின் கீழே இருக்கும் டிரனியனைப் பற்றி. வெண்கலத்தில் செய்த சின்ன உறுப்பு. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் மரை இதற்குள் இறங்கி, ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் சுற்றுகிறது. இதற்குக் கியர் ஆயில் 90 தான் போட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும், மரைக்கு எண்ணெய் எட்டாது, தண்ணீர் எட்டும். எஃகு துருப்பிடித்து மெலிந்து, ஒருநாள் வண்டியை வளைக்கும்போது ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டில் கை பழகிய மேஸ்திரிகளுக்கு இது தெரியும். பின்னால் வந்த பிள்ளைகள் நிப்பிளைப் பார்த்தவுடன் கிரீஸ் கன்னை எடுக்கிறார்கள். எங்கள் ஸ்பிட்ஃபயரில் இடது பக்கத் தண்டைக் கழற்றியபோது மரையின் அடியில் துரு குழி குழியாக விழுந்திருந்தது. அந்தத் தண்டையும் டிரனியனையும் சேர்த்தே மாற்றினோம். வெளியே பெயின்ட் பளபளக்கும் வண்டியிலும் இதைக் கழற்றிப் பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

டயரில் எவ்வளவு பட்டன் இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2304 என்றால் 2004-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. 2000-க்கு முந்தைய டயரில் மூன்று இலக்கம்தான். அதைப் பார்த்த உடனே தூக்கிப் போடலாம்.

காகிதத்தையும் விட்டுவிடாதீர்கள். 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும், பதிவு 10 வருடம் செல்லும். சேஸிஸ் நம்பர் தகட்டையும் ஆர்.சி. புத்தகத்தையும் ஒப்பிட்டுப் போட்டோ எடுத்த பிறகே பெயின்ட்டைச் சுரண்டுங்கள்.

முதல் ஓட்டம் காம்பவுண்டுக்குள் மட்டும். பத்து கிலோமீட்டர் வேகத்துக்குள் நாலைந்து முறை பிரேக் பிடித்துவிட்டு, இறங்கி நாலு சக்கரத்தின் ஹப்பையும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருந்தால் அங்கே பிரேக் முழுசாக விடவில்லை. அதைச் சரிசெய்யும்வரை கேட்டைத் திறக்க வேண்டாம்.