கார் திரும்பவில்லை என்பதற்காகத் தூணைக் கொத்தாதீர்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது. தென்சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்துமிடம், அதற்கு மேல் நான்கு மாடி வீடுகள். குடியிருப்பவர்களில் ஒருவர் பெரிய கார் வாங்கியிருக்கிறார். வளைத்து உள்ளே விடும்போது ஒரு தூணின் மூலை கதவில் உரசுகிறது. உடனே கொத்தனாரை அழைத்து, இடுப்பு உயரத்திலிருந்து தரைவரை அந்த மூலையைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். மூலைக் கம்பியை உள்பக்கம் நெட்டித் தள்ளுவதற்கு, அதைச் சுற்றியிருந்த சிறு கம்பிகள் இடைஞ்சலாக இருந்தனவாம். அவற்றை ஒவ்வொன்றாக அறுத்திருக்கிறார்கள். பிறகு பூசி, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை தீட்டி முடித்துவிட்டார்கள். பூச்சு வெடித்து உதிர்கிறது என்று இரண்டாம் மாடியில் இருக்கும் ஓர் அம்மா விடாமல் சத்தம் போட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

சங்கச் செயலாளர் நல்ல மனிதர். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். “சார், பெரிய கம்பி எதையும் தொடவில்லை. ரிங்கைத்தான் வெட்டினோம். அது கம்பி கட்டும்போது பிடித்து நிற்கத்தானே? கான்கிரீட் போட்ட பிறகு அதற்கு என்ன வேலை?” என்றார்.

இந்தக் கேள்வியை வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மேஸ்திரிகள் கேட்டிருக்கிறார்கள். பொறியியல் பட்டம் பெற்று ஐந்தாண்டு அனுபவத்தோடு முதுநிலைப் படிப்புக்கு வந்த மாணவரும் கேட்டிருக்கிறார். கட்டடப் பொறியியல் கற்பிப்பது என் தொழில். நிலநடுக்கத்தின்போது கான்கிரீட் தூண்கள் எப்படி உடைகின்றன என்பது என் ஆய்வு. அந்த ஆய்வில் கற்றதையெல்லாம் ஒரே வரியில் சொல்லச் சொன்னால், அந்த ரிங்கின் வேலை என்ன என்பதைத்தான் சொல்வேன்.

2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்கு குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலம் நடுங்கியது. நான் அப்போது முனைவர் பட்ட மாணவன். என் நெறியாளருடன் அகமதாபாத்துக்குப் போனேன். நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் நகரம் அது. அங்கே ஏறத்தாழ 70 பலமாடிக் கட்டடங்கள் இடிந்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நம் ஊரில் இப்போது தெருவுக்குத் தெரு எழும்புகிற அதே வகை: கீழே வெறும் தூண்களும் கார்களும், மேலே சுவர் நிறைந்த வீடுகள். ஒரு கட்டடத்தில் தரைத்தளம் என்று ஒன்றே இல்லை. முதல் மாடியின் பால்கனிக் கம்பி தெருமட்டத்தில் இருந்தது. அதன் கொடியில் காயப்போட்டிருந்த துணி அப்படியே தொங்கியது.

தூண் முறிந்த இடத்தில் குனிந்து பார்த்தோம். கட்டைவிரல் பருமனான கம்பிகள் வெளிப்பக்கம் பிதுங்கி வளைந்திருந்தன. ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. அவற்றைச் சுற்றியிருக்க வேண்டிய ரிங்குகள் அவிழ்ந்த அரைஞாண் கயிறுபோல வாய்திறந்து கிடந்தன. என் நெறியாளர் அவற்றில் ஒன்றைப் பொறுக்கி, எதுவும் சொல்லாமல் என் கையில் வைத்தார். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அதை மாணவர்களிடம் சுற்றுக்கு விடுகிறேன்.

ரிங்கின் வேலை என்ன? பொறுமையாகக் கேளுங்கள். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கயிற்றால் கட்டிய விறகுக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை அந்தக் கட்டின்மேல் ஓர் ஆள் ஏறி நிற்கலாம். முடிச்சு அவிழ்ந்தால்? விறகு ஒன்றுகூட முறியாது. ஆனால் கட்டு என்று ஒன்று இருக்காது. தூணும் அப்படித்தான். மேலிருந்து சுமை அழுத்தும்போது கான்கிரீட் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும், நெடுங்கம்பிகள் வெளியே வளையப் பார்க்கும். இரண்டையும் உள்ளே இழுத்துப் பிடித்திருப்பது ரிங். சாதாரண நாளில் அதற்கு வேலை குறைவு. அதனால்தான் அது வேலையற்றது என்று தோன்றுகிறது. நிலம் நடுங்கும்போது தூண் இப்படியும் அப்படியும் வளைகிறது. முதலில் உதிர்வது மேலுறைக் கான்கிரீட், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் ஒன்றரை அங்குலம். அது உதிரட்டும், பரவாயில்லை. அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் கான்கிரீட்டும் கம்பியும் சேர்ந்து நிற்குமா, நிற்காதா என்பதில்தான் மேலே தூங்குபவர்களின் உயிர் இருக்கிறது.

இங்கேதான் கொக்கி வருகிறது. ரிங்கின் இரண்டு முனைகளையும் எப்படி மடக்குகிறோம்? நம் ஊர்ப் பணியிடங்களில் பெரும்பாலும் 90 பாகை, ‘ட’ எழுத்து வளைவதுபோல. அப்படி மடக்கினால் அந்த முனை கிடப்பது மேலுறைக் கான்கிரீட்டில். எது முதலில் உதிரும் என்றேனோ அதில். உறை உதிர்ந்ததும் கொக்கிக்குப் பிடிமானம் போய்விடும். ரிங் திறந்துகொள்ளும், கம்பி பிதுங்கும், தூண் பொடியும். 135 பாகைக்கு மடக்கினால் முனை தூணின் உள்வயிற்றுக்குள் போய்ப் பதிகிறது. உறை முழுதும் கழன்று விழுந்தாலும் அந்தக் கொக்கி விடாது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்காக இரண்டு தூண்களை வார்ப்போம். ஒரே சிமெண்டு, ஒரே கம்பி, ஒரே நாள் வார்ப்பு. கொக்கி மட்டும் வேறு. தலைச்சுமை ஏற்றி, இரண்டையும் பக்கவாட்டில் மாறி மாறித் தள்ளுவோம். முதல் சில சுற்றுகளில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. மாணவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். 90 பாகைத் தூணின் ரிங் திறக்கிற சத்தம் அது. அடுத்த இரண்டு மூன்று சுற்றுகளில் அது உட்கார்ந்துவிடும். மற்றது தோலெல்லாம் உரிந்து, பார்க்கவே பரிதாபமாக, ஆனால் சுமையைச் சுமந்தபடி நிற்கும். அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் கைப்பேசியைத் தொடுவதில்லை.

இதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13920, 2016ஆம் ஆண்டுத் திருத்தப்படி, 8 மில்லிமீட்டர் ரிங்கின் கொக்கி வளைவுக்கு அப்பால் 65 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். இரண்டு முனைக்கும் சேர்த்து 130 மில்லிமீட்டர். எடை போட்டால் ஏறத்தாழ 50 கிராம். வரவேற்பறைக்கு இத்தாலியப் பளிங்கு போடுகிறவர்கள் இந்த 50 கிராமில் சிக்கனம் பார்க்கிறார்கள்.

கம்பி கட்டும் தொழிலாளியை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கூலி பெரும்பாலும் டன் கணக்கில். ரிங்கில் வேலை அதிகம், எடை குறைவு. 135 பாகை மடக்கினால் நெடுங்கம்பிகளுக்குள் அதை நுழைப்பதும் சிரமம். அதற்கென்று தனியாகக் கூலி பேசுங்கள். பேசாமல் விட்டுவிட்டு, அவர் ஏமாற்றிவிட்டார் என்று புலம்ப வேண்டாம்.

இடைவெளியையும் பாருங்கள். தூணின் அடியிலும் தலையிலும் குறைந்தது 450 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அடி நீளத்துக்கு ரிங்குகள் நெருக்கமாக வர வேண்டும். 300 மில்லிமீட்டர் அகலத் தூண் என்றால் அங்கே இடைவெளி 75 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, மூன்று அங்குலம். நான் போய்ப் பார்க்கும் இடங்களில் அடி முதல் தலை வரை எட்டு அங்குலம் விட்டிருக்கிறார்கள். தூணும் பீமும் சந்திக்கும் மூட்டில் ரிங்கே இருப்பதில்லை, “அங்கே கை நுழையாது சார்” என்கிறார்கள். மிகவும் அடிபடுகிற இடம் அந்த மூட்டு. இன்னொன்று, சுவருக்கு வெளியே துருத்தக்கூடாது என்று ஒன்பது அங்குலத் தூண் கேட்பது. குறைந்த அளவு 300 மில்லிமீட்டர் என்று விதி சொல்கிறது. அலமாரி சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காகத் தூணை மெலிய வைக்காதீர்கள்.

“சென்னைக்கு நிலநடுக்கமெல்லாம் வராது சார்.” இதையும் வாரம் ஒருமுறை கேட்கிறேன். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரி அழிந்தது. ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அன்றைய நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் கில்லாரி முதலாம் மண்டலத்தில் இருந்தது, மிகக் குறைந்த ஆபத்து என்று பொருள். 2002இல் வரைபடத்தைத் திருத்தியபோது முதலாம் மண்டலம் என்பதையே நீக்கிவிட்டார்கள். அதே திருத்தத்தில் சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. அந்த வரைபடத்தில் கோயம்புத்தூரும் மூன்றாம் மண்டலம்தான். 1900 பிப்ரவரியில் அங்கே வந்த நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் நடுங்கியதையும், 2012 ஏப்ரலில் சுமத்ராவுக்கு அப்பால் நடுங்கியபோது அலுவலகங்களிலிருந்து படியிறங்கி ஓடியதையும் சென்னைக்காரர்கள் மறந்துவிட்டார்கள். நான் பயமுறுத்தவில்லை. நாளை வரும் என்றும் சொல்லவில்லை. மூன்றாம் மண்டலத்தில் இந்த ரிங் விதி கட்டாயம் என்று மட்டும் சொல்கிறேன்.

“இருபது ஆண்டுகளாக நிற்கிறதே” என்பது அடுத்தது. நிற்கும். கட்டடத்தின் எடை கீழ்நோக்கி இறங்குகிறது. அதைத் தாங்கத் தெரிந்த தூண் இருபது என்ன, ஐம்பது ஆண்டும் நிற்கும். பக்கவாட்டில் யாரும் இதுவரை தள்ளிப் பார்க்கவில்லை. அந்தத் தேர்வு இன்னும் நடக்கவே இல்லை. நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பி வாங்கிப் போட்டிருக்கிறோம் என்பவர்களுக்கும் இதே பதில்தான். கம்பி நல்லதாகவே இருக்கட்டும். அதைச் சுற்றிப் பிடிக்க ஆளில்லை என்றால் அதன் நல்ல குணம் வெளிப்படும் முன்பே அது வளைந்துவிடும்.

கீழே வண்டி நிறுத்துமிடம் வைத்துக் கட்டிய வீடுகளில் இதெல்லாம் பல மடங்கு கூர்மையாகிறது. மேல்மாடிகளில் செங்கல் சுவர்கள் தூண்களோடு சேர்ந்து விறைப்பாக நிற்கின்றன. கீழே சுவர் இல்லை. ஆட்டம் முழுவதையும் அந்த ஒரு தளத்தின் தூண்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கார் உரசுகிறது என்று நீங்கள் கொத்தியது அந்தத் தூணைத்தான். இப்போது கட்டுபவர்களாக இருந்தால், தரைத்தளத்தில் சில இடங்களிலாவது அடித்தளத்திலிருந்து மேல்வரை கான்கிரீட் சுவர் வைக்கச் சொல்லி உங்கள் வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். இரண்டு கார் குறைந்தாலும் குறையட்டும். ஏற்கெனவே கட்டியாயிற்று என்றாலும் வழி உண்டு: சில தூண்களுக்கிடையே புதிய சுவர், எஃகுக் குறுக்குச் சட்டம், அல்லது தூண்களுக்குப் புதிய உறை. கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சான்றிதழுக்காக வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு ‘கட்டடம் உறுதியாக இருக்கிறது’ என்று கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். நான் போட மாட்டேன். போடத் தயாராக இருப்பவரிடம் போகவும் வேண்டாம்.

அந்தக் குடியிருப்புக்கு வருகிறேன். அன்றே தூணுக்கு இருபுறமும் எஃகு முட்டுக் கொடுக்கச் சொன்னேன். பூச்சைக் கொத்தி எடுத்துப் பார்த்ததில் ஐந்து ரிங்குகள் அறுபட்டிருந்தன. அந்தத் தூணைச் சுற்றிப் புதிய ரிங்குகள் கட்டி, புதிய கான்கிரீட்டில் உறை போட வேண்டும். தூண் முன்பைவிடப் பருமனாகும், கார் நிற்கும் இடம் இன்னும் குறையும். அதைச் சொன்னதும் கார்க்காரர் கோபித்துக்கொண்டு மேலே போய்விட்டார். செயலாளர் போகவில்லை. மற்ற பதினொரு தூண்களையும் என்னோடு நடந்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கழிவுநீர்க் குழாய்க்காக இன்னொரு தூணின் தலையில் துளை போட்டிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கான்கிரீட் போட்ட பிறகு என்னாலும் எதையும் பார்க்க முடியாது, உங்களாலும் முடியாது. நாளைக் காலை தூண் வார்க்கிறார்கள் என்றால் இன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். பலகை அடைப்பதற்கு முன்பு ரிங்கின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். உள்ளே பார்க்க வேண்டும். எல்லாக் கொக்கியும் ஒரே மூலையில் வரிசையாக வந்திருந்தால் மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். அடியிலும் தலையிலும் இடைவெளியை அளந்து பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கலவையில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றவிடாதீர்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், “இத்தனை வருடமாக இப்படித்தான் கட்டுகிறோம்” என்பார். அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த முனைகளை மடக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.