செத்தவங்களத் தேடாதீங்க, அவங்க கொள்ளுத்தாத்தாவத் தேடுங்க

1981 ஏப்ரல் 24, அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம், ட்ராய்னு ஒரு ஊர் பக்கத்துல ரோட்டோரப் பள்ளத்துல ஒரு பொண்ணோட பாடி கிடந்துச்சு. இருபது வயசு சொச்சம் இருக்கும், செம்பட்டை முடிய ரெண்டு பக்கமும் பின்னியிருந்துச்சு, கால்ல செருப்பு இல்ல, மேல குஞ்சம் வச்ச மான் தோல் சட்டை. தலையில அடிச்சு கழுத்த நெரிச்சிருக்காங்க. செத்து ரெண்டு நாள்தான் ஆகியிருக்கும்ங்கறதால முகம் கலையல, கைரேகையும் கிடைச்சுது, பல்லும் இருக்கு. இவ்ளோ இருந்தா ஒரு வாரத்துல பேர் தெரிஞ்சிரும்னுதான் யாரும் நினைப்பாங்க. 37 வருஷம் தெரியல. அந்த சட்டைய வச்சு "பக்ஸ்கின் கேர்ள்"னே கூப்பிட்டாங்க.

2018 ஏப்ரல்ல பேர் வந்துச்சு: மார்சியா கிங், 21 வயசு, ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக். கண்டுபிடிச்சது டிஎன்ஏ டோ ப்ராஜெக்ட்னு 2017ல ஆரம்பிச்ச ஒரு தன்னார்வலர் குழு. ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக் இயற்பியல்ல டாக்டரேட் வாங்கினவங்க, மார்கரெட் பிரெஸ் துப்பறியும் கதை எழுதுறவங்க, ரெண்டு பேருமே போலீஸ் கிடையாது. டிஎன்ஏ டேட்டா கைக்கு வந்த பிறகு ஆன நேரம் நாலு மணி. 37 வருஷம் எங்க, நாலு மணி நேரம் எங்க, எப்படின்னு பாப்போம்.

இதுக்கு முன்னாடியும் இந்த மாதிரி ஆர்வலர்கள் இருந்தாங்க. டென்னசியில ஃபேக்டரி வேலை பாத்துட்டிருந்த டாட் மேத்யூஸ், 1968ல கென்டக்கியில தன் மாமனார் கண்டெடுத்த "டென்ட் கேர்ள்" பாடி யாருன்னு வருஷக்கணக்கா மண்டைய உடைச்சுக்கிட்டு, 1998ல இன்டர்நெட்ல ஒருத்தங்க காணாம போன தன் அக்காவப் பத்தி போட்டிருந்த குறிப்பப் பாத்து பிடிச்சாரு. அது காணாம போனவங்க லிஸ்டையும் கிடைச்ச பாடி லிஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பொருத்துற வேலை. அந்தப் பொண்ணப் பத்தி யாராவது எழுதி வச்சிருந்தாத்தான் உண்டு, இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது. அதுலயே இன்னொரு கூட்டம், ரெண்டு போட்டோவ ஒட்டி வச்சு "மூக்கு அதே மாதிரி இருக்கு பாருங்க"ன்னு போலீஸுக்கு மெயில் போடுற கூட்டம். இவங்களால உபகாரத்த விட உபத்திரவம்தான் அதிகம்னு எனக்குத் தோணும்.

சரி, டிஎன்ஏ. போலீஸ்கிட்டதான் டேட்டாபேஸ் இருக்கே, அது ஏன் உதவலன்னு கேக்கலாம். அமெரிக்க போலீஸ் டேட்டாபேஸ்ல ஒரு ஆளோட டிஎன்ஏல மொத்தம் 20 இடத்தத்தான் பாப்பாங்க, 2017க்கு முன்னாடி 13. அது போன் நம்பர் மாதிரி, முழுசா பொருந்தினா அதே ஆள், பாதிக்குப் பாதி பொருந்தினா பெத்தவங்களோ பிள்ளையோன்னு சொல்லலாம், அதுக்கு மேல தூரத்து சொந்தம்லாம் அதுல தெரியாது. குடும்பத்துல யாரோட சாம்பிளும் உள்ள இல்லன்னா கதை முடிஞ்சுது. பூர்வீகம் என்ன, சொந்தக்காரங்க யாருன்னு சொல்ற வம்சாவளி டெஸ்ட் எடுக்குற கம்பெனிகளோ ஆறேழு லட்சம் இடத்தப் பாக்குறாங்க, அங்கதான் தூரத்து சொந்தம் மாட்டும்.

பாட்டியோட பட்டுப்புடவைய வெட்டி பேத்திகளுக்கெல்லாம் பாவாடை தைக்கிறாங்கன்னு வைங்க. அடுத்த தலைமுறையில அந்தப் பாவாடையையும் வெட்டி, வேற துணியோட சேத்து தைக்கிறாங்க. போகப் போக துண்டு சின்னதாகும், ஆனா ரெண்டு பேர்கிட்ட அதே ஜரிகை நீளமா விட்டுப் போகாம ஓடுச்சுன்னா அது ஒரே புடவைதான். டிஎன்ஏல அந்த நீளத்த சென்டிமார்கன்ல அளக்குறாங்க. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400 பொதுவா இருக்கும். நம்ம ஒண்ணுவிட்ட அண்ணன்னு சொல்றோமே, அங்க சராசரி 870 கிட்ட, ரெண்டுவிட்ட சொந்தத்துக்கு 230, மூணுவிட்டதுக்கு 70 சொச்சம். எத்தனை விட்டதுன்னு எண்ணுற பழக்கம் நம்மகிட்ட ஏற்கனவே இருக்கறதால இது தமிழ்ல படிக்கிறவங்களுக்கு ஈஸியாவே புரியும்.

ஆனா நம்பர் மட்டும் பேர் சொல்லாது. 230னு வந்தா அது ரெண்டுவிட்டதாவும் இருக்கலாம், ஒண்ணுவிட்ட அண்ணனோட பேரனாவும் இருக்கலாம். இங்கதான் ஆர்வலர்களோட உண்மையான வேலை. கிடைச்ச பாடியோட டிஎன்ஏவோட மேட்ச் ஆன ஆளோட அப்பா அம்மா, தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தான்னு மேல ஏறணும், அப்புறம் அந்தக் கொள்ளுத்தாத்தாவோட எல்லா பிள்ளைங்க வழியாவும் கீழ இறங்கணும். இன்னொரு மேட்சுக்கும் அதே மாதிரி ஒரு மரம் போடணும், அந்த ரெண்டு மேட்சும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமே இல்லாதவங்களா இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா எங்கயோ ஒரு எடத்துல இந்தக் குடும்பத்துப் பையன் அந்தக் குடும்பத்துப் பொண்ணக் கட்டியிருப்பான், அந்தக் கல்யாணத்துல பிறந்தவங்கள்ல ஒருத்தர்தான் நாம தேடுற ஆள். பழைய சென்சஸ், கல்யாணப் பதிவு, பேப்பர்ல வர்ற மரண அறிவிப்பு எல்லாத்தையும் தோண்டுவாங்க. நம்ம ஊர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல மகன் மருமகள் பேரன்னு அத்தனை பேரும் வரிசையா இருக்குமே, அந்த மாதிரி அங்க மரண அறிவிப்புதான் தங்கச் சுரங்கம். கடைசியில அண்ணன் தம்பி எல்லாருக்கும் வீடு, வேலை, பிள்ளைக்குட்டின்னு பதிவு ஓடிட்டே இருக்கும், ஒருத்தருக்கு மட்டும் ஒரு வருஷத்தோட எல்லாம் நின்னு போயிருக்கும். அந்தப் பேர போலீஸ்கிட்ட குடுப்பாங்க, அவங்க குடும்பத்துகிட்ட சாம்பிள் வாங்கி உறுதி பண்ணுவாங்க.

மார்சியா விஷயத்துல அதிர்ஷ்டமும் உண்டு. நெருங்கின ஒரு சொந்தக்காரர், ஒண்ணுவிட்ட உறவுக்கு ஒரு தலைமுறை தள்ளி, தன் டிஎன்ஏ டேட்டாவ ஜெட்மேட்ச்ங்கற, வம்சாவளி டெஸ்ட் முடிவுகள ஒப்பிட்டுப் பாக்குற இலவச தளத்துல போட்டு வச்சிருந்தாரு, அதனாலதான் நாலு மணி நேரம். எல்லா கேஸும் அப்படி இல்ல, மூணுவிட்ட நாலுவிட்ட சொந்தம் மட்டும் கிடைச்சா ஆயிரக்கணக்கான பேரை வச்சு மரம் போட்டு வருஷக்கணக்கா உக்காரணும். சாம்பிளே பெரிய தலைவலி. இங்க 1981ல எடுத்த ரத்தம், ஃப்ரிட்ஜ்ல கூட வைக்காம கிடந்தது, இருந்தும் உதவுச்சு. பழைய எலும்புன்னா அதுல வர்ற டிஎன்ஏல பெரும்பகுதி மண்ணுல இருந்த பாக்டீரியாவோடதுதான், மனுஷனோடது அதுல கொஞ்சூண்டு, அதுவும் துண்டு துண்டா. நியூ ஹாம்ப்ஷயர்ல பேரலுக்குள்ள பாடியா கிடைச்ச ஒரு பொண்ணு, மூணு குழந்தைங்க கேஸ்ல, வேரே இல்லாத முடியிலருந்து டிஎன்ஏ எடுத்துக் காமிச்சாரு கலிஃபோர்னியா ப்ரொஃபசர் எட் க்ரீன். அதுவரைக்கும் வேர் இல்லாத முடியால இந்த மாதிரி தேடலுக்குப் பிரயோஜனமில்லன்னுதான் பேச்சு.

இன்னொரு சிக்கல், தளத்துல டேட்டா போட்டவங்க பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி வெள்ளைக்காரங்க. 2019ல ஜெட்மேட்ச்ல சம்மதம் குடுத்தவங்க டேட்டாவ மட்டும்தான் போலீஸ் கேஸுக்குத் தேட முடியும்னு ஆக்கினாங்க, அப்ப கூட்டம் இன்னும் சுருங்கிப்போச்சு. இதே முறைய நம்ம ஊர்ல போட்டா தனி கூத்து. அத்தை பையன், மாமன் பொண்ணுன்னு தலைமுறை தலைமுறையா கட்டிக்கிட்ட குடும்பத்துல ஒரே புடவைத் துண்டு அப்பா வழியாவும் வரும், அம்மா வழியாவும் வரும், நீளத்தக் கூட்டினா ரெண்டுவிட்ட சொந்தம் ஒண்ணுவிட்டது மாதிரி தெரியும். போதாக்குறைக்கு குடும்பப் பேரே இல்லாம இனிஷியல்தான், அதுவும் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும், மேல ஏற ஏணியே இருக்காது.

மார்சியாவோட அம்மா இத்தனை வருஷமும் வீடும் மாறல, போன் நம்பரும் மாத்தல, மக என்னிக்காவது கூப்பிடுவாங்கற நம்பிக்கையில. பேர் தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் போலீஸால அவ சாகறதுக்கு முன்னாடி கென்டக்கியில லூயிவில் பக்கம் இருந்தத விசாரிச்சு எடுக்க முடிஞ்சுது. கொன்னது யாருன்னு இன்னும் தெரியல.