‘கல்லுதானே’ என்று சொல்லாதீர்கள்: செஞ்சிக் கோட்டையின் காரைச் சுவர்கள்

பழங்கட்டடங்களின் காரைப்பூச்சைச் செப்பனிடுவது என் தொழில். சென்ற மாதம் செஞ்சிக்குப் போயிருந்தபோது, கல்யாண மகாலின் வளைவு ஒன்றின் கீழ் ஓர் இளைஞர் வண்டிச் சாவியால் தம் பெயரைக் கீறிக்கொண்டிருந்தார். தடுத்தபோது அவர் கோபப்படவில்லை, “கல்லுதானே சார், இதுக்கு என்ன ஆயிடப் போகுது?” என்று உண்மையான வியப்போடு கேட்டார். எத்தனையோ கோட்டைகளில் கேட்டுச் சலித்த கேள்வி இது.

அவர் கீறியது கல் அன்று. செஞ்சி என்றதும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்று பாறைக் குன்றுகளும், அவற்றை முக்கோணமாக இணைத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் ஓடும் கருங்கல் மதில்களுமே நினைவுக்கு வருவதால், உள்ளே இருப்பது எல்லாமே பாறை என்று மக்கள் எண்ணிவிடுகிறார்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கிய கோட்டைக்கு ஒரு சாவி என்ன செய்துவிடும் என்றும் கேட்கிறார்கள். அந்த முற்றுகையைத் தாங்கியவை செங்குத்தான மலையும், அகழியும், ராஜகிரி உச்சிக்கு முன் மரப்பாலம் இல்லாமல் கடக்க முடியாத ஆழமான பாறைப் பிளவும். கல்யாண மகாலின் கூம்புக் கூரையும் நெற்களஞ்சியத்தின் வளைகூரையும் அப்படிப்பட்டவை அல்ல. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்டவை அவை.

சுண்ணாம்புக் காரை என்பது நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துப் பக்குவப்படுத்தும் சாந்து. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கித்தான் அது இறுகுகிறது. முதலில் பருமட்டான அடிப்பூச்சு, அதன்மேல் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய மெல்லிய மேற்பூச்சு. மழைநீரை வழியவிட்டுச் சுவரைக் காப்பது சில மில்லிமீட்டர் கனமே உள்ள இந்த மேற்பூச்சுதான். சாவியின் முனை அதைக் கிழித்துவிட்டால் அடிப்பூச்சு நீரை உறிஞ்சத் தொடங்கும். பிறகு செங்கல் ஊறும், பறவை எச்சத்தில் வந்த அரச விதை அந்த ஈரத்தில் முளைக்கும். மறுபடியும் சொல்கிறேன்: உங்கள் கைக்கு எட்டும் பரப்பு கல் அன்று, அது அந்தக் கட்டடத்தின் தோல்.

“சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் போயிற்று” என்று சொல்பவர்களும் உண்டு. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய ஈரத்தோடு உப்புப் பூத்து, பழைய செங்கல் பொடிப்பொடியாக உதிரும். ஒரு சாண் நீளக் கீறலை முறையாக மூட வேண்டுமானால், பழைய காரையின் மணலை ஆராய்ந்து, சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, அனுபவமுள்ள கொத்தனாரைத் தேடிப்பிடித்துப் பூச வேண்டும். அப்படிப் பூசிய இடமும் நிறம் வேறுபட்டுத்தான் நிற்கும்.

2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலவெளிகள் என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இதை அச்சுறுத்தலாகச் சொல்லவில்லை; பலருக்குத் தெரியவில்லை என்பதால் சொல்கிறேன்.

சுவரில் எதையும் எழுதாதீர்கள், கரிக்கட்டையாலும்கூட வேண்டாம். படம் எடுப்பதற்காகக் காரை பூசிய விளிம்புகளிலும் வளைகூரைகளிலும் ஏறாதீர்கள். ஏற்கெனவே உள்ள கிறுக்கல்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அழிக்க முனையும் நல்லெண்ணக் குழுக்களே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். எஞ்சியிருக்கும் மேற்பூச்சும் அதோடு போய்விடுகிறது. சுவரிடுக்கில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ கண்டால் இழுத்துப் பிடுங்க வேண்டாம், வேரோடு காரையும் பெயர்ந்து வரும். இடம் தெரியும்படி ஒரு படம் எடுத்து, நுழைவாயிலில் உள்ள தொல்லியல் துறை ஊழியரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.