14 கிலோ கேஸ் எரிந்து 43 கிலோ ஆவது எப்படி?

சமையல் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ கேஸ். அதை முழுக்க எரித்துத் தீர்த்தால் சுமார் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. போதாததற்கு 22 கிலோ தண்ணீர் ஆவியாக வேறு! டெல்லி ஆர்.கே. புரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், பதினொன்றாம் வகுப்பு, இதை நம்பவே இல்லை. "உள்ளே இருந்ததைவிட மூணு மடங்கு எப்படி மாமா வரும்?" என்றான். பதில் அவனுடைய வேதியியல் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே இருக்கிறது: மோல்.

வேதிவினையில் அணுக்கள் தலைக்கணக்கில்தான் சேரும். ஒரு கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன், அவ்வளவுதான். நம் கையிலோ தராசுதான் இருக்கிறது. கரோல் பாக் ஹார்டுவேர் கடைக்காரர் இதைச் சுலபமாகச் சமாளிப்பார். ஒரு போல்ட் 30 கிராம், ஒரு நட் 10 கிராம் என்றால், 30 கிலோ போல்ட்டும் 10 கிலோ நட்டும் நிறுத்துப் போட்டால் போதும். ஒன்றுக்கு ஒன்று சரியாக இருக்கும், யாரும் உட்கார்ந்து எண்ண வேண்டாம்.

அணு நிறை என்பதும் இப்படி ஒரு ஒப்பீடுதான். கார்பன்-12 அணுவின் நிறை 12 என்று வைத்துக்கொண்டால் ஆக்சிஜன் ஏறக்குறைய 16, ஹைட்ரஜன் 1. ஆகவே 12 கிராம் கார்பனிலும் 16 கிராம் ஆக்சிஜனிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அந்த எண்ணிக்கைதான் ஒரு மோல்: 6.022 × 10²³.

குளோரினின் அணு நிறை 35.45 என்று அட்டவணையில் பார்க்கிறோமே, அப்படி ஒரு குளோரின் அணு எங்குமே கிடையாது. நாலில் மூன்று பங்கு அணுக்கள் நிறை 35 உள்ள வகை, மீதி இரண்டு நியூட்ரான் கூடுதலாக உள்ள 37 வகை. 35.45 அவற்றின் சராசரி. இதைச் சொல்லித் தராமல் விட்டால் பிள்ளைகள் அணுவுக்குள் அரை நியூட்ரானைத் தேடுவார்கள்.

சரி, சிலிண்டருக்கு வருவோம். உள்ளே இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. கணக்குக்காக எல்லாமே பியூட்டேன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பியூட்டேன் மூலக்கூறில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன். ஆக ஒரு மோல் 58 கிராம். 14.2 கிலோ என்றால் சுமார் 245 மோல். ஒவ்வொரு மோலும் எரிந்து 4 மோல் கார்பன் டை ஆக்சைடும் 5 மோல் தண்ணீரும் தரும். கார்பன் டை ஆக்சைடு மோலுக்கு 44 கிராம். 245-ஐ 4-ஆல் பெருக்கி, அதை 44-ஆல் பெருக்கினால் 43 கிலோ வந்துவிடும். கூடுதல் எடை முழுக்க சமையலறைக் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன், கிட்டத்தட்ட 51 கிலோ. ஜனவரிக் காலையில் டெல்லி சமையலறை ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரில் ஒரு பங்கு இப்படி அடுப்பில் பிறந்ததுதான்.

ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும், சம பருமன் உள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்று இத்தாலிய விஞ்ஞானி அவகாட்ரோ 1811-இல் சொன்னார். ஆனால் ஒரு மோலில் எத்தனை என்ற அந்த எண் எவ்வளவு என்பது அவர் காலத்தில் யாருக்குமே தெரியாது.

டெல்லி பூசா பகுதியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பாரிஸ் அருகே உள்ள மூல கிலோகிராம் உருளையின் இந்தியப் பிரதியான 57-ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் உருளை இருக்கிறது. அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 2019 மே 20 அன்று அந்த மூல உருளை கிலோகிராமின் வரையறையிலிருந்து விடைபெற்றது. அதே நாளில் மோலும் மாறியது. அதுவரை 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கைதான் மோல். இப்போது 6.02214076 × 10²³ என்ற எண்ணே வரையறை. அதனால் ஒரு மோல் கார்பன்-12 சரியாக 12 கிராம்தானா என்பது இனி அளந்து பார்க்க வேண்டிய விஷயம். ஐயப்பாடு நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் பரீட்சையில் தாராளமாக 12 என்றே எழுதலாம்.