ஆடு விருந்தோம்பி அல்ல

மூலனூர்ப் பக்கம் ஒரு கால்நடை முகாம். கொறங்காட்டில் மேய்ந்து வந்த குரும்பை ஆடு ஒன்றின் கீழ் இமையை மருத்துவர் விரலால் இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய சதை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. குடற்புழுதான் என்றார். அங்கே கொடுத்த நோட்டீசை ஆட்டுக்கார ஆத்தாவுக்கு நான் படித்துக் காட்டினேன்: "ஒட்டுண்ணி தன் விருந்தோம்பியின் இரத்தத்தை உறிஞ்சி வாழ்கிறது." ஆத்தா நிமிர்ந்து பார்த்தார். "ஏந் தம்பி, அந்தப் புழுவுக்கு ஆடு விருந்தா வெச்சுது?"

ஒட்டுண்ணி குடியிருக்கும் உயிருக்கு வைத்த இந்த விருந்தோம்பி என்ற பெயரை எத்தனை முறைதான் படிப்பது! பாடநூல், நோட்டீசு, உடல்நலக் கட்டுரை, எங்கே திறந்தாலும் இருக்கிறது.

முதலில் ஒட்டுண்ணி. 'பாரசைட்' கிரேக்கச் சொல். 'பாரா' பக்கத்தில், 'சிட்டோஸ்' தானியம், உணவு. பிறர் பந்தியில் உட்கார்ந்து தின்பவன் என்று பொருள். தமிழில் பந்தியை விட்டுவிட்டு, ஒட்டிக்கொண்டு உண்பது என்று வைத்தார்கள். நல்ல சொல். காங்கேயம் காளையின் காது மடிப்பில் உண்ணி பொறுக்கியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. கொக்கிப்புழு வாயால் கவ்வுகிறது, நாடாப்புழு உறிஞ்சிகளால் பற்றுகிறது. உருண்டைப்புழு எதையும் பிடிக்காமல் குடலுக்குள் நெளிகிறது, சரி. ஆனால் ஒட்டி வாழ்வது என்றாலே ஒருவரை அண்டிப் பிழைப்பதுதானே.

கோளாறு இணைச்சொல்லில் இருக்கிறது. ஆங்கில 'ஹோஸ்ட்', விருந்தினரை ஏற்பவரைக் குறித்த லத்தீன் 'ஹோஸ்பெஸ்' என்பதிலிருந்து வந்தது. அங்கே பந்தியில் தின்பவனும் பந்தி வைப்பவனும் ஒரே படத்துக்குள் இருக்கிறார்கள். நாம் ஒரு பாதியை மாற்றிவிட்டு மறுபாதியை அப்படியே தூக்கி வைத்தோம். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துப் போட்ட வேலை இது. விருந்து என்றால் புதுமை, புதிதாய் வந்தவர். ஓம்பல் என்றால் மனமுவந்து பேணுதல். திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் குடலிலேயே கிடக்கும் நாடாப்புழு எந்தக் கணக்கில் விருந்து? ஆட்டின் நான்காம் இரைப்பையில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் மாதிரி ஒரு புழு தொங்குகிறது. இரத்தம் குடித்து, நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. முட்டை புழுக்கையோடு வெளியேறி, குஞ்சுப் புழு ஈரப் புல்லில் ஏறி, மேய்ச்சலில் மறுபடி வயிற்றுக்குள் போகிறது. பனி காய்ந்த பிறகே ஆட்டை ஓட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். இதில் ஆடு எதை உவந்து பேணியது?

மரபு கெடுகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தெளிவும் கெடுகிறது. மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒட்டுண்ணி ஆண், பெண் அணுவாய்ச் சேர்ந்து இனம் பெருக்குவது கொசுவுக்குள். 1897இல் ரொனால்டு ராஸ் அந்த ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அப்படிச் சேரும் இடம் இறுதி, மற்றது இடைநிலை என்ற கணக்கில் கொசு 'இறுதி விருந்தோம்பி', மனிதன் 'இடைநிலை விருந்தோம்பி' என்று எழுதுகிறார்கள். நம்மைக் கடித்து இரத்தம் குடிக்கும் கொசு விருந்தோம்பி என்றால், படிக்கிற பிள்ளைக்கு யார் யாரைத் தின்கிறார் என்பதே குழம்பிப் போகும். வாய்க்கால் ஓரத்து நத்தைக்கும் இதே பட்டம், ஈரல்புழுவின் இடைநிலை விருந்தோம்பி என்று. அடுத்த பக்கத்திலேயே குடற்புழு நீக்கத்தைக் 'கிருமி நீக்கம்' என்பார்கள். அதைப் படித்தவர் பட்டியில் பினாயில் தெளித்துவிட்டு, ஆட்டுக்கு மருந்து ஊற்றாமல் விட்டுவிடுவார்.

சிலர் ஓம்புயிர் என்கிறார்கள். விருந்து போனது, ஓம்பல் போகவில்லை. தாங்குயிர் என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். தாங்குவதில் சுமப்பதும் உண்டு, பொறுப்பதும் உண்டு. உவந்து பேணுவது இல்லை. இடைத் தாங்குயிர், இறுதித் தாங்குயிர் என்று அடைமொழிக்கும் இடம் கொடுக்கிறது. ஆத்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆமா, ஆடுதான தாங்குது" என்று சொல்லிவிட்டு மருந்து ஊற்ற ஆட்டின் வாயைப் பிடித்தார்.

மழைக்கு முன்னால் அடுத்த முகாம். நோட்டீசில் அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்து எழுதி எடுத்துப் போகப் போகிறேன்.