ஆறு கட்டை ஏழு கட்டை ஆகும்போது

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் தொடக்கத்தில் என்ன சுருதி வைத்தார்களோ, மங்களம் பாடும்வரை அதுதான். இடையில் மத்யம சுருதிப் பாட்டு ஒன்று வந்தால் கொஞ்சம் மாறும். மற்றபடி தம்புரா அதே 'ச'வைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பாட்டின் நடுவில் பாடகர் சுருதியையே தூக்கி மேலே வைத்தால் வயலின்காரர் திரும்பி முறைப்பார்.

1999 ஏப்ரலில் வெளிவந்த 'ஐ வான்ட் இட் தட் வே' அந்தக் காரியத்தைத்தான் செய்கிறது. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் என்ற அமெரிக்க 'பாய் பேண்ட்', அதாவது ஐந்து பையன்கள் சேர்ந்து பாடும் குழுவின் பாட்டு. மூன்றரை நிமிடத்தில் பெரும்பகுதி நம் கணக்கில் ஆறு கட்டை (ஆர்மோனியத்தில் 'ச' வைக்கிற இடத்தின் எண்தான் கட்டை). கடைசிப் பல்லவிக்கு வரும்போது குரல், கிதார், கீபோர்டு எல்லாம் ஒன்றாக ஏழு கட்டைக்கு ஏறிவிடும். பல்லவி அதேதான், வார்த்தை அதேதான். ஆனால் ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணும் சுமார் 12 சதவீதம் கூடிவிட்டது. 440 ஹெர்ட்ஸில் இருந்தது இப்போது 494.

போன வருடம் அலுவலகத்தில் எல்லாரும் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போனோம். வேனில் யாரோ இந்தப் பாட்டைப் போட்டார்கள். கணக்குப் பிரிவில் ஒரு மேடம் இருக்கிறார், நாற்பதை நெருங்குகிறவர், பில்லில் ஒரு ரூபாய் இடித்தாலும் திருப்பி அனுப்புகிறவர். கொண்டை ஊசி வளைவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினார். சுருதி ஏறுகிற இடத்தில் பிசகாமல் ஏறினார். "எட்டாங்கிளாஸ்ல மனப்பாடம் ஆனது சார், போகவே மாட்டேங்குது" என்றார்.

அதே எட்டாம் வகுப்பில் படித்த இயற்கணிதம் போய்விட்டதா என்று கேட்டேன். அது பரீட்சை முடிந்த அன்றே போய்விட்டதாம்.

சரி, இந்தப் பாட்டு மட்டும் ஏன் போகவில்லை? 'அழகான பையன்கள், அதான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். ஆனால் இந்தப் பாட்டைப் பிரித்து மேய்ந்தால், உள்ளே இருப்பது நல்ல தச்சு வேலை.

முதலில் அந்தச் சுருதி ஏற்றம். பாட்டுக் கேட்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை; அடுத்த சுரம் எங்கே விழும் என்று ஊகித்தபடியே இருக்கும். மாண்ட்ரியல் நகரில் வேலரி சலிம்பூர், ராபர்ட் ஜடோரே முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஆய்வுக்கு வந்தவர்களிடம், தங்களுக்குப் புல்லரிக்கும் பாட்டைத் தாங்களே கொண்டுவரச் சொன்னார்கள். அதைக் கேட்கவைத்து மூளையை ஸ்கேன் செய்தபோது, இன்பத்தோடு தொடர்புடைய டோபமைன் என்ற ரசாயனம் இரண்டு இடங்களில் சுரந்தது தெரிந்தது. புல்லரிக்கும் கணத்தில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில். அதற்குச் சில விநாடிகள் முன்பே, 'இதோ வரப்போகிறது' என்ற எதிர்பார்ப்பிலேயே, காடேட் என்ற இன்னொரு பகுதியில். அடுப்படியில் தாளிக்கிற வாசனை வந்ததும் நாக்கில் நீர் ஊறுகிற மாதிரி.

இப்போது பாட்டைப் பாருங்கள். அந்தப் பல்லவியைக் கேட்டு மூளை அதை மனப்பாடம் செய்துவிட்டது. கடைசி முறை வரும்போது அதே பழைய பல்லவிக்குத் தயாராக இருக்கிறது. வருவது அதே பல்லவிதான், ஆனால் ஒரு படி மேலே. ஊகம் பலித்தும் இருக்கிறது, பொய்த்தும் இருக்கிறது. அதோடு, மேலே பாடும்போது தொண்டை இறுகும். அந்த இறுக்கத்தைக் காது உணர்ச்சியாக எடுத்துக்கொள்ளும். அழுகிறவர், கெஞ்சுகிறவர் குரலும் அப்படித்தானே ஏறுகிறது. மலிவான வித்தை என்று இசை விமர்சகர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள். மலிவுதான், மறுக்கவில்லை. எனக்கு இன்னும் கையில் மயிர் நிற்கிறது.

பாட்டு பிறந்தது அமெரிக்காவில் இல்லை. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் செய்ரான் என்ற ஸ்டூடியோ. அதை நடத்திய டென்னிஸ் பாப் ஒரு டிஜே. ஆட வருகிறவர்களின் காலைப் பார்த்தே பாட்டை எடை போடுகிறவர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஏஸ் ஆஃப் பேஸ் என்ற பெயர் தெரியாத குழு அவருக்கு ஒரு டெமோ கேசட் அனுப்பியது. அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேசட் கார் பிளேயரில் மாட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் தினமும் அதையே கேட்டார். கேட்கக் கேட்கப் பிடித்துப்போனது. அந்தப் பாட்டு உலகப் புகழ் பெற்றது.

அந்த காரில் நடந்ததற்கு உளவியலில் பெயர் இருக்கிறது. அர்த்தமில்லாத சொற்களையும் புரியாத எழுத்துகளையும் திரும்பத் திரும்பக் காட்டினாலே மனிதர்களுக்கு அவை பிடித்துப்போகின்றன என்று 1968இல் ராபர்ட் ஜயோன்ஸ் காட்டினார். வெறும் பழக்கமே பிரியமாகிவிடும். ஒரு பல்லவியை மூன்றரை நிமிடத்துக்குள் பலமுறை போடுவதும், அந்தப் பாட்டை வானொலியில் நாளெல்லாம் போடுவதும் இதை நம்பித்தான்.

அர்த்தமில்லாத சொற்கள் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தப் பாட்டில் 'அந்த மாதிரிதான் எனக்கு வேண்டும்' என்று மறுபடி மறுபடி வருகிறது. எந்த மாதிரி என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. எழுதியவர்கள் மேக்ஸ் மார்ட்டின், ஆண்ட்ரியாஸ் கார்ல்சன் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள். மேக்ஸ் மார்ட்டின் செய்ரானுக்கு வருவதற்கு முன் நீண்ட முடியோடு மெட்டல் என்ற இரைச்சலான ராக் இசைக் குழுவில் கத்திக்கொண்டிருந்தவர். அவருக்கு மெட்டு முதலில், சொல் பிறகு. நம் இசையமைப்பாளர்கள் 'தன்னானே' என்று தத்தகாரம் பாடிக் கவிஞரிடம் கொடுப்பார்களே, அந்த மாதிரி அவர் ஆங்கிலத்தையே தத்தகாரமாக வைத்துக்கொண்டார். எந்த அசையில் வாய் திறக்க வேண்டும், எது எதோடு இயைபுத் தொடையில் முட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. குழுவினர் வரிகளைப் பார்த்துக் குழம்பி, அர்த்தம் புரிகிற மாதிரி வேறு வரிகள் போட்டும் பாடிப் பதிவு செய்து பார்த்தார்கள். கேட்டுப் பார்த்ததும் அர்த்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய வரிகளையே வெளியிட்டார்கள். அந்த ஐந்து பையன்களின் காதுக்கு ஒரு கும்பிடு.

அடுத்தது, ஏன் ஐந்து பேர்? நல்லாப் பாடுகிற ஒருவர் போதாதா?

நாதஸ்வரத்தில் இரட்டை நாயனம் கேட்டிருப்பீர்கள். ஒருவர் வாசிப்பதைவிட இருவர் வாசிக்கும்போது ஒலி பெரிதாகிறது. அதைவிட முக்கியம், ஒலி தடிமனாகிறது. இருவரும் ஒரே சுரத்தை வாசித்தாலும் இம்மி அளவு விலகல் இருக்கும். ஒருவர் 440 ஹெர்ட்ஸ், மற்றவர் 442 என்றால், இரண்டு அலைகளும் சேர்ந்தும் விலகியும், விநாடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். நாலைந்து பேர் சேர்ந்து, ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவில் விலகி, ஒரு நூலிழை முன்பின்னாகப் பாடினால் அந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பட்டுத் துணியில் விழும் வெளிச்சம் போல மினுங்கும். ஸ்டூடியோவில் இதற்காகவே ஒரே வரியை ஒவ்வொருவரையும் பலமுறை பாடவைத்து அடுக்குவார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் மூவர் என்று இசைவுக் குரல்களும் சேரும். நீங்கள் கேட்பது ஐந்து பேரை இல்லை, ஒரு சின்னக் கும்பலை.

அந்தத் தடிமன் பல்லவிக்கு. சரணத்துக்கு அதற்கு நேர் எதிர் வித்தை: ஒற்றைக் குரல், காதோரம். இந்தப் பாட்டில் பிரையன் தொடங்குவார், நிக் வாங்கிக்கொள்வார், அப்புறம் கரகரத்த குரலில் ஏஜே, பிறகு அடித்தொண்டையில் கெவின், இழையாக ஹோவி. ஒவ்வொருவருக்கும் சில விநாடிதான். புதுக் குரல் நுழையும் ஒவ்வொரு முறையும் கவனம் நிமிர்ந்து உட்காரும்.

இந்தக் குரல் பிரிப்பிலேயே முகப் பிரிப்பும் இருக்கிறது. பாட்டு வெளிவந்தபோது கடைக்குட்டி நிக்குக்கு வயது 19, மூத்தவர் கெவினுக்கு 27. பக்கத்து வீட்டுப் பையன், அண்ணன், கொஞ்சம் முரடன், கூச்சக்காரன், விளையாட்டுப் பிள்ளை என்று ஒரு தட்டில் ஐந்து பலகாரம். உனக்கு யாரைப் பிடிக்கும் என்பதுதான் விளையாட்டே. கொரிய இசை ரசிகர்கள் இதற்கு 'பயஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொரியாவின் பிடிஎஸ் குழுவில் ஜிமின், சுகா என்று ஏழு பேர். 'உன் பயஸ் யாரு?' என்பது இன்று வகுப்பறையில் நலம் விசாரிப்பு மாதிரி.

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956இலேயே இதை எழுதிவிட்டார்கள், தொலைக்காட்சியை வைத்து. திரையில் இருப்பவர் நம்மைப் பார்த்துப் பேசுகிறார். நம்மை அவருக்குத் தெரியாது. ஆனாலும் பழகிய உணர்வு வளர்கிறது. பாராசோஷியல் உறவு என்று பெயர். இது ஏமாளித்தனம் என்று நினைக்க வேண்டாம். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு ஆபத்தில்லாத தூரத்தில் இருக்கிற ஒருவனிடம் மனசை ஒத்திகை பார்க்கக் கிடைக்கிற இடம் அது. அவன் பதில் பேசமாட்டான், ஏமாற்றமாட்டான், வீட்டு வாசலில் வந்து நிற்கமாட்டான். அப்பாவுக்கும் பிரச்சினை இல்லை.

இந்த யந்திரத்தை அமெரிக்காவில் கட்டியவர் லூ பெர்ல்மன், ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில். விமான வாடகைத் தொழில் செய்தவர். நியூ கிட்ஸ் ஆன் த பிளாக் என்ற பாஸ்டன் குழு அவருடைய விமானத்தில் பறந்தபோது, சின்னப் பையன்களுக்கு இவ்வளவு பணமா என்று மலைத்துப்போய்த் தானும் விளம்பரம் கொடுத்து ஆள் தேர்ந்தெடுத்தார். அந்த ஊர்ச் சந்தை ஒன்றின் பெயர்தான் பேக்ஸ்ட்ரீட். 1993இல் முதல் மேடை, சீவேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில். இரண்டே வருடத்தில் என்சிங்க் என்ற போட்டிக் குழுவையும் அவரே தொடங்கினார். இரண்டு கடையும் ஒரே முதலாளி. பிறகு இரண்டு குழுவும் அவர்மேல் வழக்குப் போட்டன. 30 கோடி டாலருக்கு மேற்பட்ட சீட்டுக் கம்பெனி பாணி மோசடிக்காக 2008இல் 25 வருடச் சிறை. 2016இல் சிறையிலேயே இறந்தார்.

ஆனால் உச்சத்துக்குக் காரணம் அவருடைய சாமர்த்தியம் மட்டும் என்றால் ஒத்துக்கொள்ளமாட்டேன். தொட்டில் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் 1990இல் மட்டும் 41 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 2000இல் அவர்களுக்குப் பத்து வயது. பாட்டு வேண்டுமென்றால் முழு சிடியையும் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும். 1999இல் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் 'மில்லெனியம்' ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்தில் 11 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 2000 மார்ச்சில் என்சிங்கின் ஆல்பம் ஒரே வாரத்தில் 24 லட்சம். அதை முறியடிக்க 2015இல் பாடகி அடெல் வரவேண்டியிருந்தது. 1999இலேயே இணையத்தில் பாட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் நாப்ஸ்டர் வந்துவிட்டது. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்றதும் அந்த விற்பனை முறையே ஆட்டம் கண்டது. செய்ரான் ஸ்டூடியோ 2000இல் மூடப்பட்டது.

உச்சம் முடிந்தது சரி. மேடத்தின் மண்டையில் பாட்டு ஏன் முடியவில்லை?

வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவுக்கு வருவதைச் சொல்லச் சொன்னால், பத்திலிருந்து முப்பது வயதுவரை நடந்தவை குவியலாக வரும். நினைவு ஆய்வாளர்கள் இதை ஒரு மேடு என்பார்கள். முதல் பரீட்சைத் தோல்வி, முதல் காதல், முதல் சம்பளம் எல்லாம் அங்கேதான். இசையிலும் இந்த மேடு உண்டு. 1989இல் ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் இருவரும் செய்த ஆய்வில், ஒருவருக்கு அதிகம் பிடித்த பாட்டுகள் அவருடைய 24 வயதை ஒட்டி வெளிவந்தவையாக இருந்தன. 2018இல் சேத் ஸ்டீஃபன்ஸ்-டேவிடோவிட்ஸ் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் மக்கள் உண்மையில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்தார். வயது இன்னும் கீழே இறங்கியது: பெண்களுக்கு 11 முதல் 14, ஆண்களுக்கு 13 முதல் 16. பாய் பேண்ட் குறிவைக்கிற வயது எது என்று பாருங்கள்.

அந்த வயதில் மூளையில் இன்பத்தைத் தேடவைக்கும் பகுதிகள் முழு வேகத்தில் ஓடுகின்றன; அடக்கி வாசி என்று சொல்லும் நெற்றிப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முதிர்கிறது. ஆக்சிலேட்டர் தயார், பிரேக் வந்துகொண்டிருக்கிறது. அப்போது கேட்கிற பாட்டு அன்றைய மழை, சைக்கிள், தோழியின் கேலி எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்கிறது. கலிஃபோர்னியாவில் பெட்ர் ஜனாட்டா 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு அவர்களுடைய 8 முதல் 18 வயதுக்குள் வெளிவந்த பாட்டுத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார். சொந்த நினைவைக் கிளறிய பாட்டுக்கு, நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய ஒரு பகுதி விழித்துக்கொண்டது. அல்ஸைமர் நோயில் கடைசியாகச் சுருங்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

மேடத்தின் மகளும் அந்த வேனில் இருந்தாள். வயது பதின்மூன்று. அம்மா பாடி முடிக்கும்வரை காதில் ஹெட்போனை இறுக்கிக்கொண்டு, எனக்கும் இந்த அம்மாளுக்கும் சம்பந்தமில்லை என்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பயஸ் யாரும்மா என்று கேட்டேன். ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஜிமின், அங்கிள். ஆனா சுகாவும்."

"அதெல்லாம் ஒருத்தர்தான் சொல்லணும்" என்றார் மேடம், முன்சீட்டிலிருந்து திரும்பாமலே. "எனக்கு ஏஜே."

"இப்பவுமாம்மா?"

"இப்பவும்தான்."